அல்ஜப்ரும் பெண் மக்களின் பங்கும்

அல்ஜீப்ரா என்றாலே பள்ளிப் பிள்ளைகள் அஞ்சுகின்றனர். அக்கலைக்கும் நம் வீட்டுப் பாகப்பிரிவினைக்கும் உள்ள தொடர்பை அவர்களுக்கு எடுத்துரைப்போர் குறைவு.

அப்பாஸியக் கலீஃபா மஃமூன் (கி.பி. 813-833) காலத்தில் பக்தாதில் வாழ்ந்த பேரறிஞர் முஹம்மது இப்னு மூஸா அல்குவாரிஸ்மீ, 'அல்ஜப்ர் வல்முகாபலா' எனும் கணக்கு நூலை இயற்றினார். வாரிசுரிமை, வஸிய்யத்து, பங்கீடு, வழக்கு, வணிகம் ஆகியவற்றில் மக்களுக்குப் பயன்படுவதற்கென்றே அதனை எழுதியதாக முன்னுரையில் குறிப்பிட்டார். வஸிய்யத்துக் கணக்குகளுக்கென நூலில் ஒரு பெரும் பகுதியையே ஒதுக்கினார்.

'ஜப்ர்' என்பதற்கு முறிந்ததைச் சீராக்குதல் என்பது பொருள். ஒரு தொகையில் 10 குறைந்தால் 30 எனில், குறைந்த பத்தை இருபுறமும் கூட்டுதல் ஜப்ர். தொகை 40 என வெளிப்படும். இருபுறமும் உள்ள ஒத்தவற்றைக் கழித்தல் முகாபலா.

இனி நம் வீட்டுக் கணக்கு ஒன்றைப் பார்ப்போம். துறையூரில் வயலும் கடையும் வைத்திருந்த ஒருவர் வஃபாத்தாகி விட்டார் எனக் கொள்வோம். பெற்றோர் முன்னரே மறைந்தனர். மனைவியும், இரண்டு ஆண் மக்களும், மூன்று பெண் மக்களும் உள்ளனர். சொத்து மதிப்பு 20 லட்சம். அடக்கச் செலவு, கடன், மனைவிக்குத் தர வேண்டிய மஹர் பாக்கி ஆகியன 3 லட்சம். மதரஸாவுக்கு வஸிய்யத்து 1 லட்சம். இது மூன்றில் ஒன்றை மீறவில்லை. மீதி 16 லட்சம். மனைவிக்கு எட்டில் ஒன்று, 2 லட்சம். எஞ்சுவது 14 லட்சம்.

ஒரு மகளின் பங்கு 'ப' எனில், ஒரு மகனின் பங்கு 2ப. எனவே 4ப + 3ப = 14; ப = 2. மகள் ஒவ்வொருத்திக்கும் 2 லட்சம், மகன் ஒவ்வொருவருக்கும் 4 லட்சம். மீதி 24 லட்சமாக இருந்தால் மகளுக்கு 3 லட்சம். மீதி எவ்வளவாயினும் இக்குடும்பத்து மகளுக்கு அதில் எட்டில் ஒன்று. ஒன்று மாற, அதற்கேற்ப மற்றொன்று மாறும் இத்தொடர்பையே பள்ளிப் பாடம் 'சார்பு' என்கிறது.

ஆனால் நம் ஊர்களில் நடப்பதென்ன? "நகை போட்டோம், சீர் செய்தோம்" என்று கூறி, உடன்பிறந்தாளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையொப்பம் பெறுகின்றனர். வயலில் பெண்ணுக்குப் பங்கில்லை என்பாரும் உளர். 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விலக்கியிருந்தது உண்மையே. 1949இல் சென்னை மாகாணம் திருத்தம் செய்து அவ்விலக்கை நீக்கிவிட்டது. திருமறையின் அன்னிஸா அத்தியாயம் வகுத்த பங்கில் வயல் வேறு, வீடு வேறு எனும் பேதமில்லை.

சகோதரி மனமுவந்து விட்டுக்கொடுத்தால் தடையில்லை. எனினும், தன் பங்கு எவ்வளவு என்று அறியாதவள் எதனை விட்டுக்கொடுத்தாள்? மேற்கண்ட கணக்கில் மூன்று சகோதரியரின் 6 லட்சம் சகோதரர்களிடம் தங்கினால், அது பிறர் பொருளன்றோ?

ஆகவே அன்பர்களே! பத்திரம் எழுதுமுன் கணக்கை எழுதுங்கள். பள்ளியில் பயிலும் உங்கள் மகளையே எழுதச் சொல்லுங்கள். சமன்பாட்டின் இருபுறமும் ஒத்திருக்கின்றனவா என அவள் சரிபார்க்கட்டும். உரியவருக்கு உரியதை வழங்கும் நல்லுள்ளத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.