மிஞ்சிய கூட்டும் நோயாளியின் தட்டும்

காலையில் சமைத்த பருப்புக் கூட்டையும் கொண்டைக்கடலைச் சுண்டலையும் வெளியிலேயே மூடிவைத்து, இரவில் கொதிக்கவைத்துப் பரிமாறுவது நம் இல்லங்களில் வழக்கம். கொதித்தால் கிருமி ஒழிந்துவிடும் என்று நம்புகிறோம். அது முழு உண்மையன்று.

பேசில்லஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிரியின் வித்துகள் சமையல் சூட்டிலும் பிழைத்திருந்து, உணவு மெல்ல ஆறும்போது முளைத்துப் பெருகுகின்றன. அது உண்டாக்கும், வாந்தியை வரவழைக்கும் நச்சு மறுபடி கொதித்தாலும் அழிவதில்லை. நாவலூரின் கடலோர வெக்கையில் இப்பெருக்கம் இன்னும் விரைவாக நிகழும்.

ஆகவே, மிஞ்சியதை ஆழமற்ற பாத்திரங்களில் பரப்பி ஆறவைத்து, 2 மணி நேரத்திற்குள், கடுங்கோடையில் 1 மணி நேரத்திற்குள், குளிர்சாதனப் பெட்டியில் 5 டிகிரி செல்சியசுக்குக் கீழ் வையுங்கள். மறுநாள் வேண்டிய அளவை மட்டும் எடுத்து, நடுப்பகுதியிலும் ஆவி பறக்கும்வரை கிளறிச் சூடாக்குங்கள். ஒருமுறை சூடாக்கியதில் எஞ்சியதை மீண்டும் எடுத்துவைக்க வேண்டாம்.

புற்றுநோய்க்கான மருந்தேற்றம் பெறுவோருக்கும் உறுப்பு மாற்றம் பெற்றோருக்கும் அன்றன்று சமைத்ததையே கொடுங்கள். அன்னத்தை வீணாக்க மனம் வராதுதான். அதற்கு வழி, அளவாகச் சமைப்பதே. வெளியில் நெடுநேரம் இருந்த உணவை நோயாளிக்கு அளித்துச் சிக்கனம் தேட வேண்டாம் என வேண்டுகிறோம்.