மேளம் முதலில், மண்வெட்டி பிறகு

திறந்தவெளிப் பள்ளிகள் – 6

கொல்கத்தாவிலிருந்து தெற்கே போகும் டைமண்ட் ஹார்பர் சாலை, தாராதலாவைத் தாண்டியதும் பெஹாலாவுக்குள் நுழைகிறது. பெஹாலா பஜார், சௌரஸ்தா, சக்கேர்பஜார், டாக்கூர்புகூர் என்று நெருக்கடியான கடைத்தெருக்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே வருகின்றன. ஒரு காலத்தில் இந்த வழியில் ஜோகாவரை டிராம் ஓடியது. மெட்ரோ கட்டுமானத்துக்காக 2011-ல் அது நின்றது. 2022 டிசம்பர் இறுதியில் தாராதலா - ஜோகா மெட்ரோ தொடங்கிவைக்கப்பட்டது. இன்றைய பிள்ளைகள் அந்தச் சாலையைத் தூண்களின் மேலிருந்து பார்த்தபடி போகிறார்கள்.

ஜோகா என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது இந்திய மேலாண்மைக் கழகம்தான். ஆனால் அந்தக் கழகம் அங்கே வருவதற்கு வெகுகாலம் முன்பே, 1940-ல், இதே சாலையோரம் சுமார் நூறு பிகா நிலம் வாங்கப்பட்டு அதற்கு 'விரதசாரி கிராமம்' என்று பெயரும் வைக்கப்பட்டது. இளைஞர்கள் கூடி ஆடவும் பாடவும், குளம் தூர்வாரவும் காய்கறி பயிரிடவும் கற்றுக்கொள்ள ஒரு நிரந்தர முகாம் வேண்டும் என்பது அதை நிறுவியவரின் கனவு. அவர் குருசதய் தத்; ஆங்கிலேய ஆட்சியில் மாவட்டக் கலெக்டராக இருந்த ஐ.சி.எஸ். அதிகாரி.

சென்ற வாரம் இத்தொடரில் சென்னைச் சாரணர்களின் கதை இடம்பெற்றது. 1909-ல் பெங்களூரில் முதல் சாரணர் படை அமைந்தபோது இந்தியச் சிறுவர்களுக்கு அதில் இடம் கிடையாது. அந்தக் கதவைத் திறக்க அன்னி பெசன்ட்டும் ஜார்ஜ் அருண்டேலும் சென்னையில் தனிச் சங்கம் கண்டார்கள். தொப்பிக்குப் பதில் தலைப்பாகை, ஆங்கிலப் பாட்டுக்குப் பதில் இந்தியப் பாட்டு என்று மாற்றினார்கள். 1921-ல் பேடன் பவல் இந்தியா வந்த பிறகு அந்தச் சங்கம் அவருடைய இயக்கத்தோடு இணைந்தது. வங்காளத்தில் தத் இன்னொரு வழியில் போனார். இரவல் வாங்கிய சீருடையைத் திருத்துவதோடு அவர் நிற்கவில்லை. தன் மண்ணின் ஆட்டத்திலிருந்தே ஓர் இளைஞர் இயக்கத்தைக் கட்டினார்.

சிலேட்டிலிருந்து சியூரிவரை

தத் பிறந்தது 1882-ல், சிலேட் மாவட்டத்தில் குஷியாரா ஆற்றங்கரையில் உள்ள பீரஸ்ரீ என்ற சிற்றூரில். இன்று அது வங்கதேசத்தில் இருக்கிறது. கொல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் படித்து, பிறகு கேம்பிரிட்ஜ் போய், 1905-ல் ஐ.சி.எஸ். தேறினார். அடுத்த ஆண்டு சரோஜ் நளினியை மணந்தார். கணவருக்கு எந்த ஊருக்கு மாற்றல் வந்தாலும் அந்த ஊர்ப் பெண்களைத் திரட்டிச் சங்கம் அமைத்தவர் சரோஜ் நளினி. 1913-ல் பாப்னாவில் முதல் மகளிர் சமிதியைத் தொடங்கினார். 1925 ஜனவரியில் அவர் மறைந்தபோது அவருக்கு முப்பத்தேழு வயதுதான். மனைவியின் பெயரால் தத் உடனே ஒரு நினைவுச் சங்கத்தை நிறுவி, அந்தச் சமிதிகளை வங்காளமெங்கும் பரப்பினார். ஊர்ப்பணி என்பது மேலிருந்து கொடுக்கிற தானமாக இருக்கக்கூடாது, ஊரே கூடிச் செய்கிற வேலையாக இருக்கவேண்டும் என்ற பாடம் அந்த இல்லறத்திலிருந்து வந்தது.

அதிகாரியாகவும் அவர் வளைந்துகொடுக்கவில்லை. 1928-ல் ஹவுராவுக்கு அருகே பாமன்காச்சியில் ரயில்வே தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. மாவட்ட மாஜிஸ்திரேட்டாக இருந்த தத் அதைக் கண்டித்து எழுதினார். மேலிடத்துக்கு அது பிடிக்கவில்லை. மாற்றல் உத்தரவு வந்தது.

1929-ல் லண்டன் சென்றிருந்தபோது ஆல்பர்ட் ஹாலில் நடந்த நாட்டார் நடன விழாவைப் பார்த்தார். மறைந்துகொண்டிருந்த கிராமிய ஆட்டங்களை ஆங்கிலேயர்கள் தேடியெடுத்துப் படித்தவர்களையும் ஆடவைத்திருந்தார்கள். நம் ஊரில் எத்தனை ஆட்டங்கள் யாரும் பார்க்காமலேயே அழிந்துகொண்டிருக்கின்றன என்ற கேள்வியோடு அவர் திரும்பினார். மைமன்சிங்கில் ஜாரி ஆட்டத்தைக் கண்டார். அடுத்து பீர்பூம் மாவட்டத்துக்கு மாற்றலாகிப் போனபோது, அவர் வாழ்க்கையைத் திருப்பிப்போட்ட ராய்பேஷே அவர் கண்ணில் பட்டது.

ராய்பேஷே பழைய போர்வீரர்களின் ஆட்டம். வலது காலில் மட்டும் சலங்கை. டோல் என்ற மேளமும் காசி என்ற வெண்கலத் தாளமும் முழங்க, வில் வளைப்பது போலவும் ஈட்டி எறிவது போலவும் குதிரை ஏறுவது போலவும் ஆடுவார்கள். ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி நின்று சுழல்வதும் உண்டு. நம் சிலம்பத்தில் போரும் ஆட்டமும் பிரியாமல் நிற்பது போலத்தான் அங்கும். அதை ஆடிவந்தவர்கள் பவுரி, பாக்தி, டோம் முதலிய ஒடுக்கப்பட்ட சாதியினர். கல்யாணங்களில் கூலிக்கு ஆடும் வேடிக்கையாக அது தேய்ந்துபோயிருந்தது; பெண் வேடமிட்டு ஆடவேண்டிய நிலைக்கும் ஆட்டக்காரர்கள் தள்ளப்பட்டிருந்தார்கள். அந்த வேடத்தைக் களையச் செய்து, பழைய வீர ஆட்டத்தையே மறுபடி ஆடவைத்தார் தத். வேடிக்கை பார்த்ததோடு நிற்காமல் கலெக்டரே அவர்களோடு இறங்கி ஆடவும் செய்தார். தாழ்ந்தவன் ஆட்டம் என்று முகம் சுளித்த வீட்டுப் பிள்ளைகள், அந்த ஆட்டக்காரர்களிடமே அடவு கற்றுக்கொள்ளும் நிலை அங்கிருந்து தொடங்கியது.

1932-ல் பீர்பூமின் தலைநகரான சியூரியில் நாட்டார் நடனப் பயிற்சி முகாம் ஒன்று நடந்தது. விரதசாரி இயக்கம் பிறந்தது அங்கேதான்.

ஐந்து விரதங்களும் பதினாறு பணங்களும்

இயக்கத்தில் சேரும் ஒவ்வொருவரும் ஐந்து விரதங்களை ஏற்கவேண்டும்: அறிவு, உழைப்பு, உண்மை, ஒற்றுமை, ஆனந்தம். முதல் நான்கும் எங்கும் கேட்டுப் பழகியவைதான். ஐந்தாவதுதான் தத் சேர்த்த தனிச்சரக்கு. மகிழ்ச்சியை அவர் உழைப்புக்குப் பிறகு கிடைக்கும் பரிசாக வைக்கவில்லை. உழைப்பு, உண்மை ஆகியவற்றுக்கு நிகரான கடமையாகவே வைத்தார்.

இந்த ஐந்தும் அன்றாட வாழ்க்கைக்கு இறங்கிவரும்போது பதினாறு 'பணங்கள்' ஆயின. பணம் என்றால் அங்கே சபதம். காய்கறியும் பழமும் பயிரிடுவது, வீட்டுக்குள் காற்றும் வெளிச்சமும் வரவிடுவது, நீர்நிலைகளைச் சுத்தமாக வைப்பது, மாடுகளைப் பேணுவது, உடலை வளர்ப்பது, பெண்களின் முன்னேற்றத்துக்குத் துணைநிற்பது, நேரம் தவறாமை என்று அந்தப் பட்டியல் போகிறது. கூடவே பதினேழு விலக்குகளும் உண்டு. வரவுக்கு மேல் செலவு செய்யக்கூடாது, பசியில்லாமல் உண்ணக்கூடாது, பல மொழிகளைக் கலந்து பேசக்கூடாது, வேட்டியின் முன்கொசுவத்தை ஆட்டிக்கொண்டு நடக்கக்கூடாது. கடைசியாகச் சொன்ன விலக்கில் ஒரு வரலாறே இருக்கிறது. அந்தக் காலத்து வங்காளி பாபுவின் அடையாளம் தரையைத் தொடும் அந்த நீளக் கொசுவம்தான். அதை இழுத்துச் சொருகாமல் மண்வெட்டியைப் பிடிக்க முடியாது.

சிறுவர்களுக்கு இந்தச் சபதங்கள் மனப்பாடப் பகுதியாகக் கொடுக்கப்படவில்லை. தத் எல்லாவற்றையும் பாட்டாக்கினார். மண்வெட்டிக்கு ஒரு பாட்டு, குளத்துப் பாசிக்கு ஒரு பாட்டு, உடற்பயிற்சிக்கு ஒரு பாட்டு. ஒருவரையொருவர் பார்த்தால் 'ஜ-சோ-பா' என்று வணக்கம் சொல்லிக்கொண்டார்கள். 'ஜெய் சோனார் பாங்லா' என்பதன் சுருக்கம் அது. முகாம்களில் ராய்பேஷேயோடு காட்டி, டாலி, ஜாரி, சாரி, ஜூமூர், பாவுல் என்று பல ஆட்டங்களும் கற்பிக்கப்பட்டன. காட்டி என்பது கோல்களைத் தட்டி ஆடுவது. கோலாட்டம் பார்த்தவர்களுக்கு அது அந்நியமாகத் தோன்றாது. டாலி கேடயம் ஏந்திய ஆட்டம். சாரி படகோட்டிகளுடையது. ஜாரியை ஆடுபவர்கள் முஸ்லிம் உழவர்கள். கர்பலாவின் சோகத்தைப் பாடுவார்கள். இந்துச் சிறுவர்களும் முஸ்லிம் சிறுவர்களும் ஒரே வட்டத்தில் நின்று ஒருவர் ஆட்டத்தை மற்றவர் ஆடினார்கள். மதப்பிளவு கூர்மையாகிக்கொண்டிருந்த முப்பதுகளில் இது சாதாரணக் காரியம் அல்ல.

ஊதாப் பூக்களுக்கு எதிரான போர்

ஆட்டம் முடிந்ததும் படை எங்கே போகும்? பெரும்பாலும் குளத்துக்கு.

தமிழ்நாட்டின் ஏரிகளை மூடிக்கிடக்கும் ஆகாயத்தாமரையை நம் வாசகர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். தென் அமெரிக்காவிலிருந்து அழகுச் செடியாகக் கொண்டுவரப்பட்ட அது, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வங்காளத்தின் நீர்வழிகளைப் பிடித்துக்கொண்டது. படகுகள் நகர முடியவில்லை. வெள்ளத்தோடு மிதந்துவந்து நெல்வயல்களை அமுக்கியது. தேங்கிய குளங்களில் கொசு பெருகியது. மலேரியா ஊர்ஊராகக் காவுகொண்டது. 1936-ல் வங்காள அரசு இதற்கென்றே தனிச் சட்டம் இயற்றவேண்டி வந்தது என்றால் நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம்.

சட்டத்தால் மட்டும் செடியைப் பிடுங்க முடியாது. இடுப்பளவு சேற்றில் இறங்கி, வேரோடு இழுத்து, கரையில் குவித்து, உலர்த்தி எரிக்கவோ உரமாக்கவோ ஆட்கள் வேண்டும். இந்த வேலைக்கு விரதசாரி அணிகள் மேளத்தோடு போயின. பாட்டு நடக்கும், கை ஓடும். சாதாரணமாகக் குளத்துச் சேற்றைத் தொடாத பள்ளி ஆசிரியர்களும் வக்கீல் வீட்டுப் பிள்ளைகளும் அதில் இறங்கினார்கள். பாதை போடுவது, புதர் வெட்டுவது, வடிகால் தோண்டுவது என்று பணி விரிந்தது.

இதே பீர்பூமில், 1922-ல் தாகூர் தொடங்கிய ஸ்ரீநிகேதன், கிராமத்துச் சிறுவர்களைச் சேர்த்து 'பிரதி பாலக்' என்ற சாரணர் அணிகளை நடத்தியது. மலேரியா ஒழிப்பு, குளம் சுத்தம், ஊர்த் தீயணைப்பு ஆகியவை அவர்களின் வேலை. தத் விதைத்தது வெறுந்தரையில் அல்ல. ஆனால் ஆட்டத்தையும் பணியையும் ஒரே பயிற்சியாக இணைத்து, மாவட்ட எல்லைகளைத் தாண்டிப் பள்ளிகளுக்குள் கொண்டுபோனதில் அவர் பங்கு பெரியது. ஒரு கேள்விக்கு அவர் செயலிலேயே விடை சொன்னார்: கசப்பான வேலையை இளைஞர்கள் ஏன் விரும்பிச் செய்யவேண்டும்? உடம்பு முதலில் தாளத்துக்குப் பழகினால், பக்கத்தில் நிற்பவன் தோழனாகிவிட்டால், சேறு ஒரு தடையாகத் தெரியாது. உபதேசத்தால் செய்ய முடியாததை ஒரு டோல் செய்துவிடும் என்று அவர் உறுதியாக நம்பினார். அந்த நம்பிக்கை பலித்தது.

வட்டத்தில் நின்றவர்கள்

அந்த வட்டங்களில் ஆடியவர்களில் சிலரைப் பின்னாளில் உலகம் அறிந்தது. ஓவியர் கமருல் ஹசன் கொல்கத்தாவில் கலை மாணவராக இருந்தபோதே விரதசாரியானார். பிறகு 'முகுல் ஃபௌஜ்' என்ற சிறுவர் இயக்கத்துக்குத் தலைமை ஏற்றார். 1971 வங்கதேச விடுதலைப் போரின் புகழ்பெற்ற சுவரொட்டியை வரைந்தவரும், வங்கதேசக் கொடியின் இன்றைய வடிவத்தைத் தந்தவரும் அவர்தான். ஷேக் முஜிபுர் ரஹ்மான் தன் நினைவுக் குறிப்புகளில், சிறுவயதில் விளையாட்டு, பாட்டு இவற்றோடு விரதசாரியிலும் தான் கெட்டி என்று பதிவுசெய்திருக்கிறார். நாடு இரண்டாகப் பிரிந்தும் எல்லையின் இரு பக்கத்திலும் இந்த ஆட்டம் தொடர்ந்தது.

தத் ஜோகா கிராமத்தின் வளர்ச்சியைப் பார்க்க இருக்கவில்லை. 1941 ஜூன் 25 அன்று, ஐம்பத்தொன்பது வயதில் காலமானார். நிலம் வாங்கி ஓராண்டுதான் ஆகியிருந்தது. தோழர்கள் அந்த இடத்தை விடவில்லை. அணித்தலைவர்களுக்கான பயிற்சி முகாம்கள் அங்கே நடந்தன. தத் ஊர்ஊராக அலைந்து சேர்த்திருந்த கலைப்பொருட்களுக்காக அங்கேயே ஓர் அருங்காட்சியகம் எழுந்து, 1963-ல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

குருசதய் அருங்காட்சியகத்தில் இருப்பவை ராஜாக்களின் பொருட்கள் அல்ல. படச்சுருள்கள், சுடுமண் பலகைகள், மரப்பொம்மைகள், இனிப்பு வார்க்கும் அச்சுகள், பழைய புடவைகளை அடுக்கித் தைத்த காந்தாத் துணிகள். அவற்றில் மானதாசுந்தரி என்ற பெண் தன் தந்தைக்காகத் தைத்த பத்தொன்பதாம் நூற்றாண்டுக் காந்தா தனிப்புகழ் பெற்றது. சிப்பாய்களும் துரைமார்களும் அதில் நூலால் நடமாடுகிறார்கள். கலெக்டர் பதவியில் இருந்தவர் இவற்றை வீடுவீடாகக் கேட்டு வாங்கிச் சேர்த்தார். சேர்த்தவை இரண்டாயிரத்துக்கும் மேல். ஆட்டத்தைக் காப்பாற்றியதும் துணியைக் காப்பாற்றியதும் அவருக்கு ஒரே வேலைதான்.

2017-ல் மத்திய ஜவுளி அமைச்சகம் இந்த அருங்காட்சியகத்துக்கான நிதியுதவியை முடித்துக்கொண்டது. ஊழியர் சம்பளமும் பராமரிப்பும் நெருக்கடிக்கு உள்ளாயின. இது வேதனையான செய்தி. நூற்றாண்டு பழைய பருத்தித் துணிக்கு வங்காளத்தின் மழைக்கால ஈரம் எதிரி. ஒரு பருவம் கவனிக்காமல் விட்டாலும் பூஞ்சை ஏறிவிடும். விரதசாரி கிராமத்தின் திடலையும் இழந்துவிட்டால் சிறுவர்கள் கூட இடமிருக்காது; பெஹாலாவில் வெற்றிடம் என்று எதுவும் மிஞ்சாத காலம் இது. மெட்ரோவில் ஏறி ஜோகாவில் இறங்கினால் ஆட்டோ தூரத்தில் இருக்கும் இந்த இடத்துக்குக் கொல்கத்தாவின் ஒவ்வொரு பள்ளியும் தன் மாணவர்களை ஒருமுறையேனும் அழைத்துவரவேண்டும். காந்தாவைக் கண்ணாடிக்குள் காட்டிவிட்டு, பிறகு திடலில் டோல் அடித்து ஆடவிட வேண்டும். அரசும் சமூகமும் அதற்கான செலவை ஏற்பது கட்டாயம்.

அடுத்த வாரம்: ஒரு நாளிதழின் சிறுவர் பக்கத்திலிருந்து 1940-ல் பிறந்து, கொல்கத்தாவின் தெருமுனைத் திடல்களையெல்லாம் நிறைத்த 'மணிமேளா'.