மாடத்தில் நால்வர், தரையில் ஒருவர்

இஸ்தான்புல்லுக்குப் போகிறவர்கள் கையில் பெரும்பாலும் ஒரே பட்டியல்தான் இருக்கும். காலையில் அயா சோஃபியா, எதிரே நீல மசூதி, மதியம் தோப்காபி அரண்மனை, மாலையில் கிராண்ட் பஜார். எல்லாம் நடக்கிற தூரத்தில் இருப்பதால் ஒரே நாளில் முடித்துவிடவும் முடியும். ஊர் திரும்பியபின் எந்தக் குவிமாடம் எந்தக் கட்டடத்தினுடையது என்று படங்களைப் பார்த்துக் குழம்புவது அதனால்தான்.

நாங்கள் கல்லூரி நாள் நண்பர்கள் ஐந்து பேர். கட்டுமானப் பொறியாளர் ஒருவர், பள்ளியில் வரலாறு நடத்தும் தோழி, கீழக்கரைக்காரர் ஒருவர், சைவம் மட்டுமே சாப்பிடும் வங்கி ஊழியர், அப்புறம் நான். ஆளுக்கொரு ஆசை இருந்தது. யாரும் தன் ஆசையை விட்டுக்கொடுக்க வேண்டாம், தோன்றியபோது பிரிந்து போகலாம், சாயங்காலம் எமினோனு படகுத்துறையில் சேர்ந்துகொள்ளலாம் என்று முதல் நாளே பேசிவைத்தோம். அந்த ஊரை எனக்குத் திறந்துவிட்டது இந்த ஏற்பாடுதான்.

அயா சோஃபியாவில் பிரிவு தானாகவே நேர்ந்தது. பேரரசர் ஜஸ்டினியன் 532-இல் தொடங்கி 537-இல் முடித்த பேராலயம் அது. 1453-இல் நகரம் ஒட்டோமான்களிடம் வீழ்ந்ததும் பள்ளிவாசலானது. 1935-இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. 2020-இல் மீண்டும் பள்ளிவாசலானது. 2024 ஜனவரி முதல் வெளிநாட்டுப் பயணிகள் 25 யூரோ கட்டி மேல்மாடத்துக்கு மட்டுமே போகலாம். கீழ்த்தளம் தொழுபவர்களுக்கு. எனவே கீழக்கரை நண்பர் தொழப்போக, நாங்கள் நால்வரும் சீட்டு வாங்கிக்கொண்டு மாடம் ஏறினோம்.

மேலே போனதும் எல்லோரும் செய்வதைப் போல நானும் அண்ணாந்து குவிமாடத்தின் நடுவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொறியாளர் தோளைத் தட்டினார். “மாப்ள, நடுவைப் பார்க்காதே, ஓரத்தைப் பாரு. சங்கதி அங்கேதான் இருக்கு.”

குவிமாடத்தின் அடிவிளிம்பைச் சுற்றி 40 சன்னல்கள். வெளிச்சம் அந்த வளையம் வழியே வருவதால், அத்தனை பாரமும் எதன்மீதும் உட்காராமல் நிற்பதுபோல் தெரிகிறது. விட்டம் சுமார் 31 மீட்டர், தரையிலிருந்து உச்சி சுமார் 55 மீட்டர். கீழே இருப்பது சதுரம், மேலே வட்டம். இரண்டையும் இணைக்க நான்கு மூலைகளிலும் வளைந்த முக்கோணங்களை எழுப்பி, பாரத்தை நான்கு பெருந்தூண்களுக்கு இறக்கியிருக்கிறார்கள். கட்டியவர்கள் அந்தீமியஸ், இசிடோர் என்ற இருவர்; இருவரும் கணிதத்தில் தேர்ந்தவர்கள். முதல் குவிமாடம் இன்னும் தட்டையாக இருந்ததால் பக்கச்சுவர்களை வெளியே தள்ளிக்கொண்டே இருந்தது. நிலநடுக்கங்களில் பலவீனப்பட்டு 558-இல் இடிந்து விழுந்தது. இசிடோரின் உறவினரான இளைய இசிடோர் வளைவைச் சுமார் 6 மீட்டர் உயர்த்தி மறுபடி கட்டினார். 562-இல் வேலை முடிந்தது. உயரம் கூடியதும் பக்கத் தள்ளல் குறைந்தது. நண்பர் இரண்டு உள்ளங்கைகளையும் கவிழ்த்து, நிமிர்த்தி, இதைச் செய்துகாட்டியபோது அருகில் நின்ற ஒரு ஜப்பானியத் தம்பதியும் கவனிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

தோழிக்குத் தெற்கு மாடம். அங்கே ஒரு சித்திரக்கல் பதிப்பில் இயேசுவின் இருபுறமும் பேரரசி ஸோயியும் அவர் கணவர் ஒன்பதாம் கான்ஸ்டன்டைனும் நிற்கிறார்கள். ஸோயிக்கு மூன்று திருமணங்கள். கணவர் மாறியதும் படத்திலிருந்த முகத்தையும் பெயரையும் மாற்றியிருக்கிறார்கள். எழுத்துகள் நெருக்கியடித்து நிற்பதிலேயே அது தெரிகிறது. அதே மாடத்தின் பளிங்குக் கைப்பிடிச் சுவரில், வடக்கு ஐரோப்பாவிலிருந்து வந்து பேரரசரிடம் காவல்வேலை பார்த்த யாரோ கீறிய ரூனிக் எழுத்துகள். தேய்ந்துபோன அந்தக் கீறலில் ஹால்ஃப்தான் என்ற பெயரைப் படிக்கிறார்கள். பேரரசியின் தங்கப் படத்தைவிட அந்தக் கீறலின் முன்தான் தோழி அதிக நேரம் நின்றார், நானும்தான்.

கீழக்கரை நண்பர் வெளியே வந்து சொன்னது வேறு. தொழுகை முடித்துத் தரையில் உட்கார்ந்தபடியே நிமிர்ந்தால் அரைக்குவிமாடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிப் போய்க் கடைசியில் பெரிய குவிமாடத்தில் சேர்வதைப் படிப்படியாகப் பார்க்க முடிகிறதாம். மாடத்திலிருந்து எங்களுக்கு அது கிட்டவில்லை. அவருக்கு ஸோயியும் ரூனிக் கீறலும் கிட்டவில்லை. வழிபாட்டுக்கு அமைதி வேண்டும் என்பதை மறுக்க மாட்டேன். ஆனாலும் இப்படியொரு கட்டடத்தின் முழு உருவத்தை உணரக்கூடிய இடம் அதன் தரை. தொழுகை இல்லாத வேளையில் சிறிது நேரமாவது எல்லோரையும் அங்கே நிற்க விடவேண்டும் என்பது என் எண்ணம். இதில் எங்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. அன்று மத்தியானம் வரை பேசினோம்.

பக்கத்திலேயே நிலத்தடி நீர்த்தேக்கம். 12 வரிசையில் வரிசைக்கு 28 என்று 336 தூண்கள். இதுவும் ஜஸ்டினியன் காலத்ததுதான். இரண்டு தூண்களுக்கு அடியில் மெடூசாவின் தலைகள், ஒன்று தலைகீழாக, மற்றது பக்கவாட்டில். பழைய கட்டடங்களிலிருந்து எடுத்துவந்த கற்கள். வெயில் நேரத்துக்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

சைவ நண்பருக்காக வரிசையாகக் கடைகளில் விசாரித்ததில் எல்லோருக்குமே லாபம். தொழிலாளர்களும் கடைக்காரர்களும் மதியம் சாப்பிடும் ‘லொகாந்தா’க்களில் சமைத்ததைக் கண்முன் வைத்திருப்பார்கள், விரல் நீட்டிக் கேட்டால் போதும். ஆலிவ் எண்ணெயில் வேகவைத்த பீன்ஸ், வெங்காயமும் தக்காளியும் அடைத்த கத்தரிக்காய், மைசூர் பருப்பில் செய்யும் மெர்ஜிமெக் சூப். அந்தச் சூப்பைச் சில இடங்களில் இறைச்சிச் சாறு ஊற்றியும் காய்ச்சுகிறார்கள். ‘எட்சிஸ்’, அதாவது இறைச்சி இல்லாதது என்று சொல்லிக் கேட்டுக்கொள்வது நல்லது.

எமினோனுவிலிருந்து கடிக்கோய் போகும் படகு சுற்றுலாப் படகு அல்ல, வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்களின் படகு. இஸ்தான்புல் கார்டு ஒன்றையே ஐந்து முறை தட்டி ஐந்து பேரும் ஏறிவிடலாம். ஐரோப்பாவில் ஏறி ஆசியாவில் இறங்க சுமார் இருபது நிமிடம். வலப்புறம் உட்காரச் சொல்வேன். படகு பொற்கொம்புக் கடற்கழியை விட்டு நகர்ந்ததும் குன்றின்மேல் சுலைமானியே பள்ளிவாசல் பின்னால் போகும். முனையில் தோப்காபி, அதற்கப்பால் அயா சோஃபியா. இரண்டு குவிமாடங்களுக்கும் இடையே ஆயிரம் வருடம். சுலைமானியேவை 1550-களில் கட்டிய சினான், பழைய கோவிலைப் போலவே இரண்டு பக்கமும் அரைக்குவிமாடம் வைத்தார். பிற்பாடு அயா சோஃபியாவுக்கே முட்டுச்சுவர் எழுப்பி அதைத் தாங்கவும் செய்தார். காலையில் கையால் காட்டியதைப் பொறியாளர் இப்போது நகரத்தையே வைத்துக் காட்டினார். இடுப்பு ஒடுங்கிய கண்ணாடிக் குவளையில் தேநீர் வந்தது. எள் தூவிய சிமித் ரொட்டியைப் பிய்த்து வீசுகிற குழந்தைகளைத் தொடர்ந்து கடற்காக்கைகள் கரைவரை வந்தன.

திரும்பும்போது படகு வேண்டாம், மர்மராய் ரயிலில் போவோம் என்று பொறியாளர் பிடிவாதம் பிடித்தார். 2013-இல் திறந்த அந்தப் பாதை போஸ்ஃபரஸ் நீரிணைக்கு அடியில், கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 60 மீட்டர் வரை இறங்குகிறது. தோழி இன்னும் ஒரு நிலையம் கூடப்போய் யெனிகாபியில் இறங்கவேண்டும் என்றார். அந்த நிலையத்துக்காகத் தோண்டியபோது பைசாந்தியத் துறைமுகம் ஒன்று வெளிப்பட்டது. 37 பழைய கப்பல்கள் சேற்றுக்குள் கிடந்தன. அதற்கும் அடியில் சுமார் 8,500 ஆண்டுகளுக்கு முந்தைய மக்களின் காலடித் தடங்கள். அகழாய்வு நடந்ததால் ரயில் பாதை சில வருடம் தாமதமானது. அந்தத் தாமதம் சரியா என்று ரயில் நிலையத்துக்கு நடக்கும்போதே இருவரும் தர்க்கம் செய்யத் தொடங்கினார்கள். சைவ நண்பர் யாருக்கும் சொல்லாமல் வழியில் வறுத்த கஷ்கொட்டை வாங்கி எல்லோர் கையிலும் கொடுத்தார்.