வைரம் பேசும் பாஷை

கல்யாண வீட்டில் சம்பந்தியம்மாளின் பார்வை முதலில் எங்கே செல்லும் என்பதை நம் வாசகிகளுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. மணப்பெண்ணின் காதுக்குத்தான்! ஸ்ரீரங்கமானாலும் சரி, உறையூரானாலும் சரி, "புளூ ஜாகர்தானே?" என்ற கேள்வி பிறந்துவிடும். கேள்வி சிறியதுதான், ஆனால் ஒரு குடும்பத்தின் கௌரவமும் பல வருஷத்துச் சேமிப்பும் அதில் அடங்கியிருக்கின்றன. திருச்சியோ செயற்கைக் கற்களுக்குப் பட்டை தீட்டுவதில் பேர்போன ஊர். கைதேர்ந்தவர் தீட்டிய கல்லைக் கண்ணால் மட்டும் பார்த்து, வைரமன்று என்று சொல்லிவிடுவது எளிதன்று.

கல்லை உடைக்காமல், உரசாமல், கரைக்காமல் அதன் உண்மையை அறிய வழியுண்டா? உண்டு. அவ்வழியை உலகுக்குக் காட்டியவர், ஸ்ரீரங்கம் இருக்கும் அதே காவேரித் தீவில், திருவானைக்காவலில், 1888 நவம்பர் 7-ஆம் தேதி பிறந்த ஸர் சி. வி. ராமன்.

வீணையில் தந்தியின் கனமும் இறுக்கமும் மாறினால் சுருதி மாறுகிறதல்லவா? பொருள்களில் பிணைந்துள்ள அணுக்களும் அப்படியே ஓயாமல் அதிர்கின்றன. அணுவின் எடையே தந்தியின் கனம்; பிணைப்பின் வலிமையே அதன் இறுக்கம். ஆகவே ஒவ்வொரு பொருளுக்கும் தனிச் சுருதி உண்டு. வீணை, மிருதங்கம் முதலியவற்றின் நாதத்தை ஆராய்ந்த ராமன், காதுக்கு எட்டாத இந்தச் சுருதியை ஒளியைக் கொண்டு அறியச் செய்தார்.

ஒரே நிறமுள்ள ஒளியை ஒரு பொருளின்மீது செலுத்தினால், சிதறும் ஒளியில் பெரும்பகுதி வந்த நிறத்திலேயே வெளிப்படும். ஏறக்குறைய ஒரு கோடியில் ஒரு பங்குதான் அணுக்களின் அதிர்வுக்குத் தன் சக்தியில் சிறிது கொடுத்தோ, அதனிடமிருந்து சிறிது பெற்றோ, நிறம் மாறி வரும். அந்த மாற்றத்தின் அளவே அப்பொருளின் கையெழுத்து.

1928 பிப்ரவரி 28-ஆம் தேதி கல்கத்தாவில், கே. எஸ். கிருஷ்ணனின் துணையுடன், எளிய கருவிகளைக் கொண்டே ராமன் இதைக் கண்டார். அடிமைப்பட்டிருந்த நாட்டின் ஆராய்ச்சிசாலையில் பிறந்த இக்கண்டுபிடிப்புக்கு 1930-இல் நோபல் பரிசு கிடைத்தது. 1960-இல் லேஸர் ஒளி வந்தபின், மங்கலான இக்கையெழுத்தைப் படிப்பது மிகவும் சுலபமாயிற்று.

வைரம் சுத்தக் கரி. அதன் கையெழுத்து, சென்டிமீட்டருக்கு 1332 அலைகள் என்ற மாற்றத்தில் தோன்றும் ஒரே கூர்மையான கோடு. கண்ணாடியிலும் ஸிர்க்கோனியாக் கல்லிலும் அது தோன்றாது. பென்சிலிலுள்ள கிராபைட்டும் கரிதான். ஆனால் பிணைப்பு வேறாகையால் அதன் கோடும் வேறு. ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: ஆய்வுக்கூடத்தில் வளர்த்த வைரமும் மெய்யான வைரமே. அதுவும் இதே கோட்டைத் தரும். பூமியில் விளைந்த கல்லா என்றறிய வேறு சோதனைகள் தேவை.

இன்று இம்முறையால் மஞ்சள்பொடியில் கலந்த சாயத்தைக் கண்டுபிடிக்கலாம். உறையைப் பிரிக்காமலே மாத்திரையைச் சோதிக்கலாம். 2021-இல் செவ்வாய்க் கிரகத்தில் இறங்கிய பெர்ஸெவெரன்ஸ் ஊர்தியும் அங்குள்ள பாறைகளை அறிய இந்த ராமன் ஒளியைத் துணையாகக் கொண்டு சென்றது.

ஆகையால், அடுத்த முறை தோட்டைப் பற்றிச் சந்தேகம் எழுந்தால், யாரும் முகம் சுளிக்க வேண்டாம். மனிதர் வாக்குவாதம் செய்வானேன்? கல்லையே கேட்டுவிடலாம். கேட்கும் விதத்தைத் திருவானைக்காவல்காரர் சொல்லிக்கொடுத்திருக்கிறார்!