இருமலை அடக்க வேண்டாம்

அறுவை சிகிச்சை முடிந்து வார்டுக்குத் திரும்பிய நோயாளி இருமத் தொடங்கினால், உடனிருக்கும் உறவினர் பதறிப்போய், "இருமாதீங்க, தையல் பிரிஞ்சிடும்" என்று தடுப்பதை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். அக்கறையில் எழும் அச்சமே அது. ஆயினும் அதனால் நேரக்கூடிய தீங்கு பெரிது.

சளி என்றாலே நோய் என்று எண்ணிப் பழகிவிட்டோம். உண்மையில், நலமாக இருக்கும்போதும் மூச்சுக்குழாயின் உட்சுவரை மெல்லிய சளிப்படலம் ஒன்று காத்து நிற்கிறது. அதில் ஏறத்தாழ 95 விழுக்காடு நீர். பிசுபிசுப்பைத் தருவது மியூசின் என்னும் புரதம். மூச்சோடு நுழையும் தூசியும் கிருமியும் அதில் ஒட்டிக்கொள்கின்றன. கண்ணுக்குப் புலப்படாத நுண்மயிர்கள் ஓயாது அசைந்து, அச்சளியைத் தொண்டைவரை ஏற்றிவிடுகின்றன. அதனை நாம் அறியாமலே விழுங்கிவிடுகிறோம். மிச்ச வேலையை இரைப்பை அமிலம் பார்த்துக்கொள்கிறது.

மயக்க மருந்து இந்நுண்மயிர்களைத் தளரச் செய்கிறது. வலிக்கு அஞ்சி மேலோட்டமாக மூச்சு விடும்போது சளி நுரையீரலிலேயே தேங்கி, நிமோனியாவுக்கு இடந்தருகிறது. அந்நேரத்தில் அதனை வெளியேற்றப் பெரிதும் துணைநிற்பது இருமல்தான்.

வயிற்றில் தையல் உள்ளோர் சிறு தலையணையை அதன்மேல் அணைத்துப் பிடித்து, ஆழ மூச்சிழுத்து இருமலாம். வலி மிகுந்தால் செவிலியரிடம் சொல்லுங்கள். வலி மருந்துக்குப் பின் இருமுவது எளிது. கண், மூளை ஆகியவற்றில் அறுவை சிகிச்சை பெற்றோர் மட்டும் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும். மூன்று பந்துகள் கொண்ட மூச்சுப் பயிற்சிக் கருவியைப் பலர் ஊதுகிறார்கள். அது ஊதுவதற்கன்று, மூச்சை உள்ளிழுப்பதற்கு.