தாய் திறந்ததைச் சேயும் மூட வேண்டும்

மாணவர்களே, இயங்கிக்கொண்டிருக்கும் செய்நிரலே முறைவழி என்பதைப் பணிசெயல் முறைமை அலகிற் கற்றீர்கள். ஒரு முறைவழி இன்னொன்றை உருவாக்கும்போது நடைபெறுவதை இங்கு நோக்குவோம். இதனை மனனம் செய்யத் தேவையில்லை, விளங்கிக்கொண்டாற் போதும்.

1. கோப்பு விவரணி

அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் 1969 இல் தொடங்கப்பட்ட யுனிக்ஸிலும், அதன் வழியைப் பின்பற்றி 1991 இல் வெளிவந்த லினக்ஸிலும் முறைவழி திறக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் எண் வழங்கப்படும். அதுவே கோப்பு விவரணி ஆகும். வழமையாக 0 உள்ளீட்டையும் 1 வருவிளைவையும் 2 பிழைச் செய்திகளையும் குறிக்கும். அடுத்துத் திறக்கப்படுவதற்கு மிகச் சிறிய வெற்று எண், அதாவது 3, கிடைக்கும்.

2. ஃபோர்க்

ஃபோர்க் எனும் அழைப்பினால் ஒரு முறைவழி தன்னைப் போன்ற பிரதியொன்றை உருவாக்குகின்றது. முதலாவது தாய், இரண்டாவது சேய். தாயின் விவரணிகள் யாவும் சேய்க்கும் கிடைக்கும். ஓர் அறைக்கு இரண்டு திறப்புகள் இருப்பதாகக் கருதுக. ஒருவர் தம் திறப்பைத் திருப்பிக் கொடுத்தாலும் மற்றவரிடம் திறப்பு உண்டு. அவ்வாறே, தாய் மூடினாலும் சேய் மூடும் வரை அக்கோப்பு திறந்தே இருக்கும்.

3. நிகழ்நேர முறைமையில் ஏற்படும் சிக்கல்

நிகழ்நேர முறைமையில் விடை சரியாக இருந்தாலும் காலக்கெடு தவறினால் அது பிழையே. பின்வரும் உதாரணத்தை அவதானிக்க.

தாய் 10 மில்லிசெக்கனுக்கு ஒரு முறை கொதிகலன் ஒன்றின் வெப்பநிலையை அளந்து, 16 பைற்று கொண்ட செய்தியாகக் குழாய் ஒன்றில் எழுதுகின்றது. சேய் அதனை வாசித்துப் பதிவு செய்கின்றது. குழாய்க்கு வாசிக்கும் முனை, எழுதும் முனை என இரண்டு உண்டு. ஃபோர்க்கின் பின் இரு முனைகளும் இருவரிடமும் இருக்கும்.

(அ) சேய் தன்னிடமுள்ள எழுதும் முனையை மூடவில்லை எனக் கொள்வோம். தாய் எழுதி முடித்துத் தன் முனையை மூடினாலும் குழாய்க்கு "முடிவு" வராது. சேய் வாசிக்கக் காத்திருக்கும். சேய் முடியட்டும் எனத் தாயும் காத்திருந்தால் இரண்டும் நின்றுவிடும்.

(ஆ) தாய் வாசிக்கும் முனையை மூடவில்லை. சேயோ இடையில் நின்றுபோனது எனக் கொள்வோம். வாசிக்க யாரோ இருப்பதாகவே பணிசெயல் முறைமை கருதும். எனவே குழாய் நிரம்பும் வரை தாய் எழுதிக்கொண்டே போகும். லினக்ஸில் குழாயின் வழமையான கொள்ளளவு 65536 பைற்று.

65536 ÷ 16 = 4096 செய்திகள்
4096 × 10 மில்லிசெக்கன் = 40.96 செக்கன்

சேய் நின்று ஏறத்தாழ 41 செக்கனில் தாயும் எழுத முடியாமல் தடைப்படும். அதன் பின் வெப்பநிலையை அளப்பவர் எவருமில்லை! சேய் நின்றபின் 30 செக்கன் மட்டும் பரிசோதித்தால் இப்பிழை தெரியவராது. தாய் அம்முனையை முன்னரே மூடியிருந்தால், சேய் நின்றபின் செய்யும் முதல் எழுத்திலேயே பிழை அறிவிக்கப்படும். அதனைக் கையாளும் அறிவுறுத்தலைச் செய்நிரலில் எழுதி வைக்கலாம்.

4. கடைப்பிடிக்க வேண்டியவை

* ஃபோர்க் முடிந்தவுடன் தாயும் சேயும் தமக்குத் தேவையற்ற முனைகளை மூடுதல்.
* சேய் வேறொரு செய்நிரலாக மாறுவதாயின், அதற்குத் தேவையற்ற விவரணிகளுக்கு "குளோஸ்-ஒன்-எக்செக்" அடையாளம் இடுதல். கோப்பைத் திறக்கும்போதே இதனை இடும் வசதி லினக்ஸில் 2007 இல் வந்தது. 2014 இல் வெளிவந்த பைதன் 3.4 முதல், பைதனில் திறக்கப்படும் கோப்புகளுக்கு இவ்வடையாளம் தானாகவே இடப்படுகின்றது.
* ஃபோர்க் செய்வதற்கும் நேரம் செல்லும். எனவே சேய் முறைவழிகளைத் தொடக்கத்திலேயே, அளவீடு ஆரம்பிக்குமுன் உருவாக்குதல்.

நினைவிற் கொள்க: குளோஸ்-ஒன்-எக்செக் ஃபோர்க்கின்போது எதனையும் மூடாது, சேய் புதிய செய்நிரலாக மாறும்போதே மூடும்.

பயிற்சி: மேலே (ஆ) இல் செய்தி 64 பைற்று, இடைவெளி 5 மில்லிசெக்கன் எனின், தாய் எவ்வளவு நேரத்தில் தடைப்படும்?

விடை: 65536 ÷ 64 = 1024; 1024 × 5 = 5120 மில்லிசெக்கன், அதாவது 5.12 செக்கன்.