புள்ளியை எண்ணி ஏமாறாதீர்கள்!

"இலையெல்லாம் சல்லடையாப் போச்சு. எல்லாம் இந்தப் புள்ளி வண்டு பண்ற வேலைதான்!"

இப்படிச் சொல்லிக்கொண்டே அம்மா, வீட்டின் பின்புறம் பெயிண்ட் வாளிகளில் வளர்க்கும் கத்தரிச் செடிகளிலும், பக்கத்தில் படர்ந்திருந்த பயத்தங்காய்க் கொடியிலும் கண்ணில் பட்ட வண்டுகளை எல்லாம் நசுக்கிப் போட்டார். பத்து நாளில் கத்தரி கொஞ்சம் தேறியது. ஆனால், பயத்தங்காய்க் கொடியின் நுனியெங்கும் கறுப்பு அசுவினி அப்பிக்கொண்டது. பிஞ்சுகள் சுருண்டு போயின.

நடந்தது இதுதான். கத்தரியில் இருந்தது செடியைத் தின்னும் வண்டு. பயத்தங்காயில் இருந்தது அசுவினியைத் தின்னும் வண்டு. இரண்டுமே பொறிவண்டுக் குடும்பம். இரண்டின் முதுகிலும் கறுப்பு அடையாளங்கள். திருடனோடு சேர்த்துக் காவல்காரனையும் அம்மா ஒழித்துவிட்டார்.

உலகில் ஏறக்குறைய 6,000 வகைப் பொறிவண்டுகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை அசுவினி, மாவுப்பூச்சி போன்றவற்றைத் தின்று வாழ்பவை. இலை தின்பவை சிறுபான்மைதான். அந்தச் சிறுபான்மையை அடையாளம் தெரிந்துகொண்டால், மற்றவற்றின் உயிர் தப்பும்; நம் தோட்டமும் தப்பும்.

எண்ணிக்கை கைகொடுக்காது

வண்டின் புள்ளிகள் அதன் வயதைக் காட்டும் என்று பிள்ளைகளிடம் சொல்வோம். அது உண்மையல்ல. புள்ளியை எண்ணி இனத்தைக் கண்டுபிடிக்கலாம் என்பதும் பல நேரங்களில் பொய்த்துவிடும்.

கத்தரி இலையைத் தின்னும் வண்டுக்கு 'இருபத்தெட்டுப் புள்ளிப் பொறிவண்டு' என்று பெயர். ஆனால், 12 புள்ளிகள் மட்டுமே உள்ளவையும் அதே இனத்தில் உண்டு. அசுவினி தின்னும் வண்டின் பெயர் 'ஆறு புள்ளிப் பொறிவண்டு'. அதன் முதுகிலோ புள்ளிகளைவிட நெளிநெளியான கறுப்புக் கோடுகளே அதிகம். அதே இனத்தில் உடல் ஏறக்குறைய முழுவதும் கறுத்து, இரண்டொரு சிவப்புத் திட்டுகள் மட்டும் உள்ளவையும் பிறக்கின்றன. ஆரஞ்சு நிற வண்டும் கறுப்பு வண்டும் இணைசேர்வதைப் பார்த்தால் குழம்ப வேண்டாம். இரண்டும் ஒரே இனம், சட்டைதான் வேறு.

இன்னொன்று, கூட்டுப்புழுவிலிருந்து அப்போதுதான் வெளிவந்த வண்டு புள்ளியே இல்லாமல் வெளிர் மஞ்சளாக இருக்கும். சில மணி நேரம் கழித்தே அதன் நிறமும் கோலமும் தெளியும்.

ஒரே இனத்துக்கு ஏன் இத்தனை கோலங்கள்? கிழக்கு ஆசியாவைத் தாயகமாகக் கொண்ட 'ஹார்மோனியா' என்ற பொறிவண்டுக்கு 200-க்கும் மேற்பட்ட நிறக்கோலங்கள் உண்டு. அவற்றில் முக்கியமானவற்றைத் தீர்மானிப்பது 'பேனியர்' என்ற ஒரே மரபணு என்று 2018-இல் வெளியான ஆய்வுகள் காட்டின. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் நிறத்தில் மாறுபடுவது போலத்தான் இதுவும்.

வேறு எதைப் பார்ப்பது?

முதலில் மினுமினுப்பு. வண்டின் முதுகு எண்ணெய் தடவியது போலப் பளபளத்தால் அது பெரும்பாலும் நம் காவல்காரன். இலை தின்னும் வண்டின் முதுகில் மிக நுண்ணிய முடிகள் இருப்பதால், அது தூசி படிந்தது போல மங்கலாகத் தெரியும். கைப்பேசிக் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள், வித்தியாசம் புரியும். அளவிலும் அது ஆறு புள்ளி வண்டைவிடச் சற்றுப் பெரியது.

இரண்டாவது, இலை. இலை தின்னும் வண்டு பச்சையத்தை மட்டும் சுரண்டித் தின்றுவிட்டு, மெல்லிய தோலையும் நரம்புகளையும் வலைபோல விட்டுவைக்கும். கத்தரி, தக்காளி, மணத்தக்காளி இலைகளில் இந்தத் தடத்தைப் பார்க்கலாம். வண்டு இருக்கும் இடத்தில் இலை முழுசாக இருந்து, தண்டில் அசுவினி மொய்த்திருந்தால் அது வேட்டைக்கு வந்த வண்டு.

மூன்றாவது, புழு. இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். மஞ்சள் உடலில் கிளைவிட்ட முட்களோடு மெதுவாக நகர்ந்தால், அது இலை தின்பது. குட்டி முதலை போல நீண்டு, கருமையான உடலில் வெளிர்த் திட்டுகளோடு சுறுசுறுப்பாக ஓடினால், அது அசுவினி தின்பது. பலர் இந்தக் குட்டி முதலையைத்தான் தீய பூச்சி என்று கொன்றுவிடுகிறார்கள். முட்டையை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். இரண்டுமே மஞ்சள் நிறத்தில், கொத்தாக நிற்கும் முட்டைகளையே இடுகின்றன.

அப்படியும் சந்தேகமா? காற்றுப் புகும் கண்ணாடிப் புட்டியில் ஒரு கத்தரி இலையையும், அசுவினி உள்ள ஒரு தளிரையும் போட்டு, வண்டை ஓரிரவு விட்டுவையுங்கள். காலையில் எது குறைந்திருக்கிறது என்று பிள்ளைகளையே பார்க்கச் சொல்லுங்கள். இலை தின்னும் வண்டு என்று தெரிந்தால், அதன் வகையறாவைக் கையால் பொறுக்கி எடுத்தாலே போதும். மருந்து தெளித்தால் நல்லதும் சேர்ந்து சாகும்.

எங்கள் வீட்டுப் பயத்தங்காய்க் கொடியில் இப்போது மறுபடியும் வண்டுகள் வரத் தொடங்கியிருக்கின்றன. நேற்றுக் காலை அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தார்.

"இது பளபளன்னு இருக்கு. இருந்துட்டுப் போகட்டும்," என்றார்.